இழவு வாசிப்புக்கு ஒரு பாடத்திட்டம்

இத்ரூஸ் பஸ்ஸில் ஏறினால் டிக்கட் கேட்பதற்கு முன்பே கண்டக்டரிடம், "இது கடைசியா எங்க போய் நிக்கும்?" என்று கேட்பார். நாங்கள் இறங்குவது நடுவழியில் ஏதோ ஒரு சந்தியில்தான். ஆனாலும் கடைசித் தரிப்பிடம் தெரியாமல் அவரால் உட்கார முடியாது. கதைப்புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவார். பதுளை பஸாரில் அவருடைய வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. மகனைக் கொஞ்ச நாள் கல்லாவில் இருத்திப் பார்த்தார். "இவன் ஒரு இடத்தில குந்துற ஆளில்ல. பள்ளிக்கூடத்திலயாவது நடந்துக்கிட்டே ஈக்கட்டும்" என்று அவரே ஆசிரியர் கலாசாலைக்கு அனுப்பி வைத்தார்.

போன டிசம்பர் மழையில் இத்ரூஸ் மௌத்தானார், என்னை விட்டு இறந்துபோனார். வயது நாற்பதைத் தொடவில்லை. பள்ளிவாசலில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் நல்லவர் என்றும் பொறுமையானவர் என்றும் சொன்னதாக என் தம்பி வந்து சொன்னான். நல்லவர்தான். பொறுமையானவர் என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவரை அறியாதவர்கள் சொன்ன வார்த்தை அது.

எழுபத்தெட்டில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலைக்கு அவருக்கு நியமனம் வந்தது. தோட்டத்துப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்துக்கொண்டிருந்த காலம். பஸ் நின்ற இடத்திலிருந்து தேயிலைக்குள் ஏறிப் போக வேண்டும். ஒரு நீளமான மண்டபம், அதில் ஐந்து வகுப்புகள், ஒரு கரும்பலகை. பக்கத்திலேயே இரண்டு அறையும் குசினியுமாக ஆசிரியர் வீடு. நானும் கலாசாலையில் படித்து முடித்து நியமனத்துக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் சின்ன வகுப்புகளை நான் பார்த்துக்கொண்டேன்.

முதல் நாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று பாடப்புத்தகத்தை வாசித்தார்கள். ஒரு தடங்கல் இல்லை, பாட்டுப் போல ஓடியது. இத்ரூஸ் சந்தோஷப்பட்டார். பிறகு ஏதோ சந்தேகம். பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு சொல் அளவுக்கு ஜன்னல் வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் வைத்து அங்குமிங்கும் நகர்த்தினார். வகுப்பில் ஒருவருக்கும் வாசிக்க வரவில்லை. எல்லாரையும்விடச் சத்தமாக வாசித்த ரெங்கம்மா என்ற பிள்ளைதான் உண்மையைச் சொன்னாள்.

"அது தனியா இருந்தா தெரியாது சார். வரிசையா வந்தாத்தான் தெரியும்."

அன்று பின்னேரம் அவர் வெறும் மண்டபத்தில் மேலும் கீழும் நடந்தார். "முதல் பக்கத்தில தொடங்கி அஞ்சு வருஷமா நடந்திருக்காங்க. எங்க போய்ச் சேரணும்னு ஒருத்தரும் கேக்கல்ல" என்றார்.

கலாசாலையில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கினார்கள். நோக்கம், பிரவேசம், பாடம், கடைசியில் மதிப்பீடு. இத்ரூஸ் எப்போதும் மதிப்பீட்டை முதலில் எழுதுவார். பாடம் முடிந்ததும் பிள்ளை என்ன செய்து காட்ட வேண்டும் என்பதை எழுதி, அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி வருவார். விரிவுரையாளர் ஒருவர், "கூரையைப் போட்டுவிட்டுச் சுவர் கட்டப் போகிறீரா?" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்டார். "கூரை எவ்வளவு அகலம்னு தெரியாம சுவரை எங்க வைக்கிறது, சேர்?" என்று இவர் திருப்பிக் கேட்டு, வெளியே நிறுத்தப்பட்டார். அங்கும் நிற்கவில்லை, நடந்துகொண்டிருந்தார்.

அந்த முறையைத்தான் இங்கும் செய்ய நினைத்தார். ஆனால் முடிவு எது? அதை அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டார்.

"அஞ்சாம் வகுப்பை முடிச்சிட்டுப் போகக்குள்ள ஒங்கட புள்ள எதை வாசிக்கணும்? அதைச் செல்லுங்க. நான் அங்க இருந்து தொடங்குறேன்."

"எல்லாத்தையும் வாசிக்கணுங்க" என்றார் தம்பையா. தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். ரெங்கம்மாவின் தகப்பன்.

"எல்லாம் சரி தலைவர். ஏதாவது ஒண்ணு செல்லுங்க."

"பஸ் போர்டு" என்றது ஒரு குரல்.

"பஸ்ஸே வாரதில்ல. போர்டை வச்சு என்னா செய்யப் போறே, அடுப்பெரிக்கவா?"

சிரிப்பு அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு கிழவி இருமிக்கொண்டே எழுந்தாள். அவளுக்குப் பாடசாலையில் பிள்ளை எதுவும் இல்லை. அவள் பெயர் மாரியாயி. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் நெடுங்காலம் ஆயாவாக இருந்தவள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மூக்குத் துடைத்தவள்.

"எழவு வீட்டுல வாசிக்கிற பொஸ்தகம்" என்றாள்.

எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர் இறந்தால், எடுக்கும்வரை விளக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பெரிய எழுத்துப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும் இழந்த ஒரு ராஜாவின் கதை அது. வந்தவர்கள் அதைக் கேட்டு, அழ வேண்டிய இடத்தில் அழுவார்கள். அந்தத் தோட்டத்தில் அப்படி வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தில் அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து, குடும்பத்தோடு கப்பலேறிப் போய்விட்டார். புத்தகத்தை மாரியாயியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு விழுந்த இழவுகளுக்கெல்லாம் வாசிப்பு இல்லை.

"நாயைத் தூக்கிப் போடுறாப்புல போட்டுட்டு வாரோம்" என்றாள் மாரியாயி. அவளுடைய மகனும் மருமகளும் போன வருஷமே இந்தியா போய்விட்டார்கள். கடதாசியில் ஏதோ பிழை என்று அவளை மட்டும் நிறுத்திவிட்டார்கள். "எனக்குன்னு அழ இங்க ஒருத்தருமில்ல. வாசிக்கவாச்சும் ஒரு ஆளு வேணாமா? சீக்கிரமாப் படிச்சுக் குடுங்க மாஸ்டர். இந்த நெஞ்சு ரொம்ப நாளு தாங்காது."

"ஆயாவா? ஆயா எங்களையெல்லாம் பொதைச்சிட்டுத்தான் கெளம்பும்" என்றார் தம்பையா.

"ஒனக்கு வாசிக்கவும் ஆளு இல்லைடா தலைவரே."

இத்ரூஸுக்கு முடிவு கிடைத்துவிட்டது. அன்றே புத்தகத்தை வாங்கிவந்தார். பலகையின் வலது ஓரத்தில் எழுதினார்: நிறைந்த வீட்டில், பின்னால் இருப்பவருக்கும் விளங்கும்படி, ஒரு பக்கம். அதற்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும்? மூச்சை எங்கே எடுப்பது. அதற்கு முன்? பழைய அச்சில் ஒட்டிக்கிடக்கும் சொற்களைக் கண்ணால் பிரிப்பது. அதற்கு முன், தெரியாத சொல் வந்தால் பயந்து நிற்காமல் எழுத்துக் கூட்டிப் பார்ப்பது. இப்படி இடது பக்கம் நகர்ந்து நகர்ந்து, இடம் போதாமல் சுவரிலும் எழுதினார். சுவரின் மூலையில், கடைசியாக, எழுத்துகள் வந்தன. அந்தப் புத்தகத்தில் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று இருவரும் கோடு போட்டுப் பார்த்தோம். அதிகம் வருவதை முதலில் சொல்லிக்கொடுத்தோம். என்னிடம் இருந்த சின்னப் பிள்ளைகள் அகரவரிசை தெரியுமுன்பே மகன், ராஜா, கண்ணீர் என்று வாசித்தார்கள்.

தம்பையா ஒருநாள் பாடசாலை வாசலில் நின்று என்னிடம், "என்னாங்க டீச்சரம்மா, மூணு மாசமா வருதுக, ஆனா ஆவன்னா சொல்லச் சொன்னா முழிக்குதுக. ராஜா கூஜான்னு என்னமோ சொல்லுதுக" என்றார்.

"வாசிக்கச் சொல்லிப் பாருங்க தலைவர்."

"அதெல்லாம் எனக்கு எப்படிங்க தெரியும்? ஆனா ஆவன்னான்னா எனக்கும் தெரியும், சரியாச் சொல்லுதான்னு பாக்கலாம்."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் இத்ரூஸ் கேட்டால் வாதத்துக்கு நிற்பார் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் வேறு அவசரத்தில் இருந்தார். ஒவ்வொரு முறை மாரியாயி இருமிக்கொண்டு ரோட்டில் போகும்போதும் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்ப்பார். ஒரு படி சரிவராவிட்டால் சுவரில் அழித்துவிட்டு, நடுவில் இன்னொரு சின்னப் படியை எழுதுவார். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பாடத்தை நிறுத்துவதுதான் எல்லா ஆசிரியருக்கும் வழக்கம். இவர் அப்போதுதான் வாசிக்கச் சொல்வார். "எழவு வீட்ல சத்தம் இதைவிட இருக்கும்" என்பார். பிள்ளைகள் கத்திக் கத்தி வாசித்தார்கள். அட்டை ஜன்னலை எங்கே வைத்தாலும் ரெங்கம்மா சொல்லிவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பிழை நடந்தது. புத்தகத்தின் பகுதிகளைத் தாள்களில் எழுதி, வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகுங்கள் என்று ஐந்தாம் வகுப்பிடம் கொடுத்தனுப்பினார். நானும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரை போகாது. ஒரு காம்பராவில் பேசுவது லயத்தின் அந்தக் கோடிவரை கேட்கும். அன்று அந்தியில் பிள்ளைகள் இழவுப் புத்தகத்தைத் தொண்டை கிழிய வாசித்தார்கள். அடுத்த நாள் மண்டபத்தில் என்னுடைய சின்னப் பிள்ளைகள் சிலர் மட்டும் இருந்தார்கள். தம்பையா ஆட்களோடு வந்தார்.

"மாஸ்டர், எங்க லயத்துல யாருங்க செத்தது?"

"ஒருத்தரும் மௌத்தாகல்லையே."

"அப்புறம் எதுக்கு நேத்து எங்க வீட்டுல எழவு வாசிச்சாங்க? உசிரோட இருக்கிற வீட்டுல அதை வாசிச்சா, சாவை வாசல்ல வந்து நின்னு கூப்புட்ட மாதிரி. ஒங்களுக்குத் தெரியாதுன்னே வச்சுக்குவோம். எழவுப் பொஸ்தகம்னு பேரைச் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்ல?"

தம்பையாவின் கைக்குழந்தைக்கு அன்று இரவே காய்ச்சல் அடித்தது. லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இத்ரூஸ் சாப்பிடவில்லை. வாசலுக்கும் ரோட்டுக்குமாக அலைந்தார். பிறகு அவரும் பதுளைக்குப் போய், ஆஸ்பத்திரி வாசலில் தம்பையாவோடு நின்றார். குழந்தை பிழைத்தது. ஆனால் பயம் போகவில்லை. பிள்ளைகள் மெதுவாகத் திரும்பி வந்தார்கள், பாடப்புத்தகத்தோடு. இழவுப் புத்தகத்தைப் பாடசாலையில்கூடத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அங்கே சரஸ்வதி படம் இருக்கிறதாம்.

"வேற எதையாவது முடிவா வச்சிக்குவோமே" என்றேன்.

"வைக்கலாம். அது நான் வைக்கிற முடிவு. இது அவங்க தந்தது." வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "எங்கட வீட்ல வாசிக்கலாம்" என்றார்.

எங்கள் மார்க்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை கிடையாது. எனக்குத் தெரியும். இருந்தாலும் அது புதுக் குடித்தனம். மாப்பிள்ளையும் பொண்ணும் இருக்கிற வீட்டில் தினமும் சாவுக் கதையா என்று என் உம்மா கேட்பது எனக்குக் காதில் கேட்டது. நான் பதில் சொல்லும்வரை அவர் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், "முன் அறையில பாய் போடுறேன்" என்று மட்டும் சொன்னேன்.

தம்பையா இதைக் கேட்டு ஓடிவந்தார். இப்போது கோபம் இல்லை, பயம்தான். "வேணாங்க மாஸ்டர். ஒங்களுக்கோ டீச்சரம்மாவுக்கோ ஒண்ணு ஆயிருச்சுன்னா அந்தப் பழி எங்களுக்கு வேணாம்."

"மௌத்து வாறது இதைக் கேட்டுட்டு இல்ல தலைவர். அதுக்கு வேற இடத்தில எழுதியிருக்கு."

மாரியாயி விடவில்லை. "ஏன்டா தம்பையா, ஒங்க ஆத்தா கொழுந்து கிள்ளப் போனப்ப ஒன் குண்டியக் கழுவினவ நான். எனக்கு ஒரு பக்கம் வாசிக்க ஒம் பொண்ணை அனுப்ப மாட்டியா? அவங்க வீட்டையே குடுக்குறாங்க. நீ புள்ளையக்கூடக் குடுக்க மாட்டே."

மறுநாள் ரெங்கம்மா வந்தாள். பின்னால் இன்னும் சிலர். பாடசாலை விட்டதும் எங்கள் முன் அறையில் வாசிப்பு நடக்கும். நான் குசினியில் இருந்து கேட்பேன். மாரியாயி வாசற்படியில் உட்கார்ந்து குறை சொல்வாள். "ஓடாதடி, ராஜா என்ன காலைல வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் பிந்திருச்சுன்னா ஓடுறாரு?" ரெங்கம்மா சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். வலது ஓரத்தில் எழுதியிருந்ததற்கு நாங்கள் கிட்ட வந்துகொண்டிருந்தோம். மாரியாயியின் இருமலும் மோசமாகிக்கொண்டு வந்தது. இத்ரூஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டு தவித்தார். அவள் ஒரு நாள் வராவிட்டால் லயத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அப்போதுதான் அவளுடைய கடதாசிப் பிழை சரியாகி, பாஸ்போர்ட் வந்தது.

மகனிடம் போகிறாள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. இத்ரூஸ் சந்தோஷப்பட முயற்சி செய்தார். அன்று பாடசாலைச் சுவரின் முன்னால் நின்று, தான் எழுதியதையெல்லாம் வலமிருந்து இடம்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாப் படியும் ஈக்கு. மேல வீட்டைக் காணல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

பயணத்துக்கு முந்திய நாள் பின்னேரம் மாரியாயி வந்தாள். குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள்.

"டீச்சரம்மா, பாயை விரிங்க."

"எதுக்கு ஆயா?"

"அங்க எந்த ஊருல போய்ச் சாகப் போறேனோ. எம் மருமக சினிமாப் பாட்டுத்தான் போடுவா. எனக்கு வாசிக்க வேண்டியதை இப்பவே வாசிச்சிருங்க. நான் கேட்டுட்டுப் போயிர்றேன்."

நான் இத்ரூஸைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே பிள்ளைகளைக் கூட்டிவர லயத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்.

அன்று எங்கள் முன் அறை நிறைந்தது. பிள்ளைகள் மட்டும் இல்லை, அவள் வளர்த்த பெரியவர்களும் வந்தார்கள். உள்ளே வரப் பயந்தவர்கள் முற்றத்தில் நின்றார்கள். தம்பையா வேலிக்கு வெளியே நின்றார். மாரியாயி பாயில் சுவரோடு சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். தலைமாட்டில் வைக்க வேண்டிய விளக்கைக் கேட்டாள். பகல் வெளிச்சத்தில் எங்கள் லாம்பை ஏற்றிவைத்தேன்.

ரெங்கம்மா தொடங்கினாள். பக்கத்தின் நடுவில், ராஜா மகனைத் தேடும் இடத்தில், நீளமாக ஒட்டிக்கிடந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். குசினி வாசலில் நின்ற இத்ரூஸின் வாய் அந்தச் சொல்லைச் சொல்லத் திறந்தது. மாரியாயி பார்க்காமலே அவர் பக்கம் கையை நீட்டி, வேண்டாம் என்று காட்டினாள். ரெங்கம்மா விரலை வைத்துச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு தலையை நிமிர்த்தி முழுச் சொல்லையும் சொன்னாள், அதோடு அடுத்த வரியையும்.

"ம்" என்றாள் மாரியாயி. சற்றுக் கழித்து, "இந்த இடத்துல அழணும். என்னா எல்லாம் மரம் மாதிரி நிக்கிறீங்க?" என்று அதட்டினாள். முற்றத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே யாரோ அழத் தொடங்கினார்கள். பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் அழுதார்கள். வேலிப் பக்கம் நான் பார்த்தபோது தம்பையா துவாயால் முகத்தை மூடியிருந்தார்.

ஒரு பக்கம்தான் என்று வைத்திருந்தோம். ரெங்கம்மா நிறுத்தவில்லை, மூன்று பக்கம் போனாள். முடிந்ததும் மாரியாயி எழுந்து, விளக்கை வாயால் ஊதி அணைத்தாள்.

"சரி. சாயத்தண்ணி குடுங்க டீச்சரம்மா. செத்த வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடுக்க மாட்டீங்களா?"

புத்தகத்தை ரெங்கம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இத்ரூஸ் மறுநாள் பதுளை ஸ்டேஷன்வரை போய் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தார். ரயில் கடைசியாக எங்கே நிற்கும் என்று அவர் யாரையும் கேட்டிருக்க மாட்டார். இந்தியக் கப்பல் நிற்கும் துறையில்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவளிடமிருந்து எங்களுக்குச் செய்தி எதுவும் வரவில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை வாசித்ததற்கும் போன டிசம்பர் மௌத்துக்கும் சம்பந்தம் இல்லை. இருக்கிறது என்று அந்தத் தோட்டத்தில் யாராவது இப்போது சொல்லிக்கொண்டிருந்தால், சொல்லட்டும். திரும்ப அந்த வாசலில் நின்று அவர் கேட்டால், திரும்பவும் பாய் போடுவேன்.

மாரியாயி போய்ச் சில வாரங்களுக்குப் பிறகு, காலைப் பாடம் நடக்கும்போது, தம்பையா வந்து மண்டப வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"மாஸ்டர், கீழ் லயத்துல எழவு விழுந்திருச்சு. புள்ளைய அனுப்பி வைங்க."

"எந்தப் புள்ளைய?"

"எம் புள்ளையத்தாங்க."

ரெங்கம்மா புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். இத்ரூஸும் சேர்ட் கையை இழுத்துவிட்டுக்கொண்டு புறப்பட்டார். தம்பையா வழியை மறைத்தார்.

"நீங்க வேணாங்க மாஸ்டர். நீங்க அங்க இருந்தா அது ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கும்."

அவர்கள் தேயிலைக்குள் இறங்கிப் போனார்கள். இத்ரூஸ் வாசலில் நின்றார். ஜன்னலுக்குப் போனார், திரும்ப வாசலுக்கு வந்தார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, பாதியில் மறந்தார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து காற்று வந்தது. சொற்கள் விளங்கவில்லை. ஒரு குரல் போவதும், நிற்பதும், மறுபடி போவதும் மட்டும் கேட்டது.

என் சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்குப் பலகையில், முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்ட, இத்ரூஸ் உட்கார்ந்தார். கீழே குரல் நின்ற இடத்தில் நான் பேச வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூச்சு எடுக்கிறா" என்றார்.